பதில் போடாத தந்தி

எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், திருத்தணிக்குப் பக்கத்தில் கே.ஜி.கண்டிகையில் இருந்த எங்கள் வீட்டுக்கு லீவில் வந்திருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கடற்படையில் ஹெலிகாப்டர் மெக்கானிக். இத்தனை வருடங்களில் இதை முழுதாக யாரிடமும் நான் சொன்னதில்லை. சொல்லிக்கொள்கிற மாதிரி நான் நடந்துகொள்ளவும் இல்லை.

மேற்குக் கடற்கரையில் இருந்த அந்தப் படைப்பிரிவில் நான் வேலை பார்த்தது ஒரே ஒரு வருடம்தான். போர்க்காலத்தில் எதிரிக் கப்பல்களை உடைக்கக் கடலுக்குள் கண்ணிவெடிகளை மிதக்க விட்டிருப்பார்கள். அவற்றைத் தேடி அகற்றுவதற்கென்றே சின்னச் சின்னக் கப்பல்கள் உண்டு. அந்தக் கப்பல்களுக்கு முன்னால் எங்கள் ஹெலிகாப்டர்கள் தாழப் பறக்கும். தண்ணீருக்குள் கறுப்பாக உருண்டையாக ஏதாவது தெரிந்தால் கப்பலுக்குத் தகவல் சொல்லும். நான் இருந்த வருடம் நடந்ததெல்லாம் பயிற்சிதான். வெடிமருந்து இல்லாத இரும்புக் குண்டுகளுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து முதல் நாளே கடலில் இறக்கிவிடுவார்கள். மறுநாள் போய்த் தேடுவார்கள்.

பறப்பது அதிகாரிகள். எங்களுக்குத் தரையில் வேலை. கடல் மேல் பறந்துவிட்டு வருகிற ஹெலிகாப்டர் முழுவதும் உப்பு படிந்திருக்கும். தினமும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டு, ஒவ்வொரு திருகையும் பார்க்க வேண்டும். ஐப்பசியில் அங்கே போய்ச் சேர்ந்தேன். தை பிறப்பதற்குள் என் விரல் இடுக்கிலெல்லாம் கிரீஸ் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

அங்கே எனக்குக் கிடைத்த ஒரே சொந்தம், நகரிப் பக்கத்துக்காரர் ஒருவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். நகரிக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் மாநில எல்லை ஒன்று இருப்பதே எங்கள் இருவருக்கும் நினைவில் இருக்காது. அவர் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். நான் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பேன். முதல் வாரத்திலேயே ஒருவரை ஒருவர் 'பாவா', அதாவது மச்சான், என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

அவருக்கு ஒரு மகன். பிறந்து முப்பது நாளில் பார்த்துவிட்டு வந்தவர், அதன் பிறகு பார்க்கவே இல்லை. வருடம் முடிவதற்குள் திருத்தணி மலையில் முதல் மொட்டை போட வேண்டும் என்று வேண்டுதல். மாசிக் கிருத்திகைக்கு நாள் குறித்திருந்தார்கள். கிருத்திகை திங்கட்கிழமை. சனிக்கிழமை முதல் அவருக்கு லீவு. எனக்கு ஐந்து நாள் முன்னாலேயே லீவு கிடைத்தது, ஏனென்றால் வெள்ளிக்கிழமை அம்மையார்குப்பத்தில் பெண் பார்க்க வேண்டும் என்று வீட்டில் எழுதியிருந்தார்கள்.

"கிருத்திகை அன்னைக்கு காலைல எட்டு மணிக்கு மலைமேல வந்துடு பாவா. என் பையனுக்கு தாய்மாமன் இல்ல. நீதான் கூட நிக்கணும்" என்று சொல்லியிருந்தார்.

நான் கிளம்பிய திங்கட்கிழமை மாலை. கடைசியாக ஒரு ஹெலிகாப்டரின் கியர்பாக்ஸ் மூடியை மாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வேலையில் கருவி ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. சுவரில் ஒரு பலகை இருக்கும். அதில் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றின் உருவமும் கறுப்பில் வரைந்திருக்கும். வேலை முடிந்ததும் அதனதன் உருவத்தின் மேல் அந்தந்தக் கருவியைத் தொங்கவிட்டு, எண்ணிப் பார்த்து, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஏதாவது ஒரு உருவம் வெறுமையாக இருந்தால் அந்தக் கருவி ஹெலிகாப்டருக்குள் விழுந்து கிடக்கிறது என்றுதான் அர்த்தம். பறக்கும்போது அது ஏதாவது ஒரு கம்பிக்குள் போய் மாட்டிக்கொண்டால் உள்ளே இருப்பவர்கள் கதி அவ்வளவுதான்.

எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கையில் இருந்ததை எல்லாம் மாட்டினேன். எண்ணவில்லை. கையெழுத்துப் போட்டேன். மேற்பார்வைக் கையெழுத்து என் நண்பருடையது. நான் போட்டதைப் பார்த்து அவரும் போட்டார்.

"சரியா எண்ணிட்டியா பாவா?"

"ஆங், எண்ணிட்டேன்."

வேலைக்குப் போடும் என் ஓவரால் முழங்காலில் கிழிந்திருந்தது; அதை ஊரில் தையல்காரரிடம் கொடுத்துத் தைக்கலாம் என்று பையில் திணித்துக்கொண்டு ஓடினேன்.

செவ்வாய்க்கிழமை மாலை வீடு வந்து சேர்ந்தேன். புதன்கிழமை காலை ஓவராலை உதறியபோது, கால்பக்கத்துப் பையில் இருந்து விரல் நீள ஸ்பேனர் ஒன்று தரையில் விழுந்தது. எண் பொறித்த ஸ்பேனர்.

இந்நேரம் அங்கே என்ன நடந்துகொண்டிருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். பலகையைப் பார்த்தவுடன் கண்டுபிடித்திருப்பார்கள். பறப்பதை நிறுத்தியிருப்பார்கள். ஹெலிகாப்டரைப் பிரித்துத் தேட ஆரம்பித்திருப்பார்கள். உடனே திருத்தணி தபால் ஆபீசுக்குப் போய் ஒரு தந்தி அடித்தால் போதும். சட்டையைக்கூட மாட்டிக்கொண்டேன். அப்புறம்தான் யோசித்தேன். தந்தி அடித்தால் உடனே திரும்பி வா என்பார்கள். வெள்ளிக்கிழமை பெண் வீட்டாருக்கு என்ன சொல்வது? வேலையில் தவறு செய்ததற்காகக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள் என்றா? சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். லீவு முடிந்து போகும்போது ஸ்பேனரை எடுத்துப்போய், ஏதாவது ஒரு மேசைக்கு அடியில் போட்டுவிட்டால் யாராவது கண்டெடுப்பார்கள், யாருக்கும் பழி இல்லை என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டேன்.

அன்று பிற்பகலே தந்தி வந்தது.

அப்பா அப்போது கண்டிகையில் பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருந்தார். நானும் கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். ஹெலிகாப்டர், கண்ணிவெடி என்று நான் அளந்துகொண்டிருந்ததை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானே பறந்து போய்க் கண்ணிவெடியைக் கண்டுபிடிப்பதுபோல் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தந்தி கொண்டுவந்தவர் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஆங்கிலத்தில் ஒரே வரி. ஸ்பேனர் உன்னிடமா, உடனே பதில் கொடு என்று. கீழே என் நண்பரின் பெயர்.

"இன்னாடா தந்தி? யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே அப்பா டீ வடிகட்டியோடு எழுந்து வந்துவிட்டார்.

எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு நிமிடத்தில் என் வாயில் அந்த வார்த்தைகள் எப்படி வந்தன என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

"ஒண்ணுமில்ல நைனா. அங்க ஒரு மிஷின் ஓடலியாம். எப்டி சரி பண்றதுன்னு என்ன கேக்குறாங்க."

கடையில் இருந்தவர்கள் அசந்துபோனார்கள். "உன் பையன் இல்லாம கவர்மெண்டு மிஷினே ஓடலியாம்பா!" என்றார் ஒருவர். அப்பா அன்று கடையில் இருந்த எல்லாருக்கும் இன்னொரு டீ போட்டுக் கொடுத்தார், காசு வாங்காமல்.

நான் அந்தத் தந்தியை மடித்து, ஸ்பேனரோடு சேர்த்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். பதில் போடவில்லை.

வெள்ளிக்கிழமை பெண் பார்த்தோம். எல்லாருக்கும் பிடித்துப் போனது. சனிக்கிழமை போயிற்று. ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று. தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை என்றெல்லாம் எழுதினால் பொய். நன்றாகவே சாப்பிட்டேன். எப்படியும் திங்கட்கிழமை நண்பர் மலைக்கு வருவார், அவர் காதில் மட்டும் விஷயத்தைப் போட்டுவிட்டால் அவர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு தைரியம். தன் கையெழுத்தும் இருக்கிற நோட்டில் ஒரு கருவி குறையும்போது அவருக்கு எப்படி லீவு கொடுப்பார்கள் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

கிருத்திகையன்று கூட்டம் நெரிந்தது. காவடிகளுக்கு நடுவில் புகுந்து படியேறினேன். அன்று நான் வேட்டி கட்டவில்லை. கடற்படையின் வெள்ளைச் சீருடை போட்டிருந்தேன். நாலு ஊர் ஜனமும் கூடுகிற இடத்தில் நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான்.

மலைமேல் மொட்டை போடும் கொட்டகைக்குப் பக்கத்தில் நண்பரின் அப்பாவும் மனைவியும் குழந்தையோடு நின்றிருந்தார்கள். அவர்களை எனக்குப் போட்டோவில் தெரியும். என் சீருடையைப் பார்த்து அவர்களுக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. நண்பரைக் காணோம்.

"அவன் வரல நைனா" என்றார் பெரியவர். எங்கள் பக்கத்தில் நைனா என்றால் அப்பா; வாஞ்சையாகப் பேசும்போது சின்னவர்களையும் அப்படிக் கூப்பிடுவார்கள். "சனிக்கிழமை தந்தி குடுத்தான். லீவு இல்லியாம். நீங்களே முடிச்சிடுங்கன்னு போட்டிருந்தான்."

நண்பரின் மனைவி ஓரடி முன்னால் வந்தார். பத்தொன்பது இருபது வயதுதான் இருக்கும். மெதுவாகக் கேட்டார்.

"அண்ணா, குடுத்த லீவ ஏன் நிறுத்திட்டாங்க? அவரு எதனா தப்பு பண்ணிட்டாரா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லம்மா. கடல்ல பயிற்சி நடந்துகினு இருக்குது. வேலை ஜாஸ்தி."

"அப்ப உங்களுக்கு மட்டும் லீவு குடுத்தாங்களே?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டார். நான் வேறு பக்கம் திரும்பி, கூட்டம் அதிகமாகிறது, சீக்கிரம் முடித்துவிடலாம் என்றேன்.

குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும். நண்பரின் மனைவிக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. பெரியவருக்கோ கை நடுக்கம். "அவன் சொல்லிட்டுதான் இருந்தான், நீதான் மாமன் ஸ்தானம்னு. உக்காரு நைனா" என்றார். வேறு வழியில்லாமல் மனைப்பலகையில் உட்கார்ந்தேன். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்த குழந்தை திரும்பி என்னைப் பார்த்தது. என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தது. உடனே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என்மேல் பாய்ந்தது.

"நைனா!"

அங்கிருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நண்பரின் மனைவியும் சிரித்தார், ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போட்டோல இந்த டிரஸ்லதாண்ணா இருப்பாரு. தினமும் அத காட்டிதான் சோறு ஊட்டுவேன். அதான், டிரஸ்ஸ பாத்துட்டு..." என்றார்.

தலையில் தண்ணீர் தெளித்துக் கத்தி வைத்ததும் குழந்தை அலற ஆரம்பித்தது. என் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நைனா நைனா என்று என்னிடமே தஞ்சம் கேட்டு அழுதது. அதன் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது என் வேலை. முடி என் மடியெல்லாம் விழுந்தது. அவர் இருந்திருக்க வேண்டிய இடத்தில், அவருக்குக் கிடைக்க வேண்டிய அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவரை வரவிடாமல் செய்த பொருள் என் வீட்டில் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

சந்தனம் பூசும்வரைகூட என்னால் நிற்க முடியவில்லை. தபால் ஆபீசில் ஒரு அவசர வேலை என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது, தவறு என்னுடையது மட்டுமே, இன்றே புறப்படுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் படித்துவிட்டு, "ஸ்பேனருக்கா சார் தந்தி?" என்றார். காசை எண்ணி வைத்தேன். வீட்டுக்கு வந்து, அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அன்று பிற்பகலே அரக்கோணம் போய் ரயில் ஏறினேன்.

மறுநாள் ஹெலிகாப்டர்களை நிறுத்தும் ஹேங்கருக்குள் நுழைந்தபோது இரண்டு ஹெலிகாப்டர்கள் எலும்புக்கூடாக நின்றிருந்தன. தரைத் தகடுகளையெல்லாம் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஒரு வாரமாக இருபது பேர் டார்ச் வைத்துக்கொண்டு தேடியிருக்கிறார்கள். வெளியே கடலில் கண்ணிவெடிக் கப்பல்கள் எங்கள் ஹெலிகாப்டர்கள் இல்லாமலே பயிற்சியை முடித்துக்கொண்டு திரும்பிவிட்டன. என் தந்தி கிடைத்த பிறகு பிரித்ததைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்த என் நண்பர், ஒரு ஹெலிகாப்டருக்கு அடியில் இருந்து தவழ்ந்து வெளியே வந்தார். தகடுகளுக்கு நடுவில் விட்டுத் துழாவியதில் இரண்டு முழங்கையும் கீறிக் கீறி மருந்து போட்டிருந்தது.

அதிகாரி என்னை விசாரித்தபோது அவரும் பக்கத்தில் நின்றிருந்தார்.

"புதன்கிழமையே உனக்குத் தந்தி வந்திருக்க வேண்டுமே?" என்றார் அதிகாரி.

உண்மையைச் சொல்லத்தான் அத்தனை தூரம் வந்தேன். ஆனால் அதிகாரியின் முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். மணவூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன், திங்கட்கிழமை திரும்பி வந்துதான் தந்தியைப் பார்த்தேன், அப்போதுதான் பையைத் தேடினேன் என்று சொன்னேன். அவர் நம்பினார். எண்ணாமல் கையெழுத்துப் போட்டதற்கு மட்டும் தண்டனை கொடுத்தார். இரண்டு வாரம் முகாமை விட்டு வெளியே போகக் கூடாது. அந்த வருடம் முழுக்க லீவு கிடையாது.

வெளியே வந்ததும் நண்பர் என் தோளில் தட்டி, "போனா போவுது பாவா. கெடச்சிடுச்சில்ல" என்றார். அப்புறம் ஒரு டப்பா மேல் உட்காரவைத்து, மொட்டை போட்ட கதையைச் சொல்லச் சொன்னார். குழந்தை அழுததா, எத்தனை பல் முளைத்திருக்கிறது, தலை உருண்டையா நீளமா, எல்லாம் கேட்டார். எல்லாம் சொன்னேன். அது என்னை என்னவென்று கூப்பிட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அவருக்கு லீவு கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது என் கையில் ஒரு முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தார்.

"உங்க நைனா குடுத்தாரு. டீக்கடைக்கு போயிருந்தேன்." அப்புறம் சொன்னார். "புதன்கிழமை தந்தி வந்த கதைய சொன்னாரு. நீங்க கடைல எல்லாருக்கும் படிச்சு காட்டுனீங்களாமே."

அப்பா பெருமையாகத்தான் சொல்லியிருப்பார். அவருக்கு என்ன தெரியும்!

நண்பர் அதை அதிகாரியிடம் சொல்லவில்லை. என்னிடமும் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் அவருக்கு 'நீங்க' ஆகிவிட்டேன். அந்த வருடத்தின் மீதி மாதங்கள் முழுக்க நாங்கள் ஒன்றாகத்தான் வேலை செய்தோம். மழைக்காலம் வந்தது. ஹேங்கர் தகரத்தில் மழை கொட்டும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. படகு கவிழ்ந்த மீனவர்களைத் தேடி எங்கள் ஹெலிகாப்டர்கள் இரண்டு முறை போய் வந்தன. ஒவ்வொரு மாலையும் பலகைக்கு முன்னால் நின்று அவர் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுவார். நான் பக்கத்தில் நின்று தொட்டுத் தொட்டுக் காட்டுவேன். வேலை சம்பந்தமாக மட்டும் பேசுவோம்.

அடுத்த ஐப்பசியில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. ரயில் நிலையத்துக்கு நான் போனேன். பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, ஜன்னல் ஓரம் நின்று, மன்னித்துவிடுங்கள் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். உங்கள் பையனின் மொட்டைக்கு உங்களைப் போகவிடாமல் செய்துவிட்டேன் என்றேன்.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அதுக்கு வருத்தம் இருந்துச்சு. போயிடுச்சு. முடி மறுபடி மொளைக்கும், இன்னொரு மொட்டை போடலாம்" என்றார். "அது இல்லீங்க. மூணு நாளு தேடியும் கெடைக்கலன்ன ஒடனே, அந்தாள் ஊருக்கு எடுத்துனு போயிருப்பான், போலீசு அனுப்பி கேக்கலாம்னு சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன். அவன்கிட்ட இருந்தா தந்தி பாத்த அன்னைக்கே பதில் போட்டிருப்பான், அவன எனக்கு தெரியும்னு சொன்னேன். அத்தினி பேரு முன்னாடி சொன்னேன். அப்புறம் நாலு நாளு நானும் சேந்து தேடிகினு இருந்தேன்."

ரயில் கிளம்பிவிட்டது. அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. நான் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் அவரிடமிருந்து பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பார்த்த பெண்தான் என் மனைவி. நான் இதை எழுதுவது அவளுக்குத் தெரியும், ஆனால் எதை எழுதுகிறேன் என்று தெரியாது. முதலில் படிக்கப்போவதும் அவள்தான். அப்பா கடைசிவரை அந்தத் தந்திக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார், நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஸ்பேனரை மறந்ததற்குத் தண்டனை அனுபவித்துவிட்டேன். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த ஐந்து நாளுக்கு யாரும் எனக்குத் தண்டனை கொடுக்கவில்லை, அதனால்தானோ என்னவோ அது இன்னும் முடியவில்லை. இப்போதும் எங்கிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் அன்றைக்கே பதில் எழுதிப் போட்டுவிடுகிறேன், ஏனென்றால் நான் இல்லாத ஏதோ ஓர் இடத்தில் என்னை நம்பி யாரோ ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.